இரண்டாவது தடவை ஒன்றாம் வகுப்பு

நான் ஒன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஃபெயிலாகி இல்லை. முதல் தடவை ஆறு வயதில், சூலூர் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு பள்ளிக்கூடத்தில். இரண்டாவது தடவை நாற்பத்தொரு வயதில், என் மகளுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து. முதல் தடவையே நான் சுமாரான மாணவன்தான். இரண்டாவது தடவை அதைவிட மோசம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

என் பெயர் தண்டபாணி. பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் இன்றைக்கு டிரைவர் இல்லாமல் டவுன் பஸ் ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வருவதற்கு முன்பே நாற்காலி நம் வியாதியைச் சொல்லிவிடுகிறது. ஆனால் எரிந்துபோன பம்ப் மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றுவதற்கு மட்டும் இன்னும் மனித விரல் வேண்டியிருக்கிறது. அந்தப் புண்ணியத்தில் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. மனைவி கோகிலவாணி ஒரு பின்னலாடைக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. என் விஷயத்திலும் அப்படித்தான்.

எங்களுக்கு ஒரே மகள், நறுமுகை. முகி என்று கூப்பிடுவோம். அவளுக்குப் பேச்சு வரும், ஆனால் எங்களோடு பேச வராது. டவுன் பஸ்ஸில் கேட்கும் அறிவிப்பை அட்சரம் பிசகாமல் தனக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். பசித்தால் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குக்கர் மேல் வைப்பாள். 'அப்பா' என்ற சொல் அவளுக்குத் தெரியும். அது படப் புத்தகத்தில் இருக்கும் மீசைக்காரருக்குச் சொந்தம். என்னைப் பார்த்து, என்னிடம், அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

முதலில் சேர்த்த பள்ளியில் பதினொரு நாள் இருந்தாள். பன்னிரண்டாவது நாள் பெல் அடித்ததும் பெஞ்சுக்கு அடியில் போனவள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. இரண்டாவது பள்ளியில் பிரின்சிபால் அம்மா ரொம்ப மரியாதையாகப் பேசினார். "நல்ல குழந்தைங்க. ஆனா ரெகுலர் கிளாஸுக்கு இன்னும் ரெடியாகல. ரெடி பண்ணிக் கூட்டிட்டு வாங்க" என்றார். நான் மோட்டார்காரன். எத்தனையோ பேருக்கு எதையெதையோ ரெடி பண்ணிக் கொடுத்திருக்கிறேன். என் குழந்தையை ரெடி பண்ணிக் கொண்டுவரச் சொன்ன அன்றைக்கு நான் கடையைத் திறக்கவில்லை.

வருகிற ஜூனில் அவளுக்கு ஆறு முடிகிறது. அதற்குள் பொது வகுப்பில் உட்காராத பிள்ளைகளின் பெயர் சிறப்புப் பள்ளிக்கான தனிப் பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலிலிருந்து திரும்பி வந்த குழந்தையை நான் பார்த்ததில்லை. அப்போதுதான் கோகிலாவின் கம்பெனியில் யாரோ 'முன்வகுப்பு மையம்' என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள்.

மையம் வடவள்ளி போகும் வழியில், ஒரு மாடி வீட்டில் இருந்தது. நடத்துகிறவர் ஆபிதா மேடம். முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கம் போதாத கண், அதற்குச் சம்பந்தமில்லாத பளீரென்ற சிரிப்பு.

"இங்க பாடம் நடத்தறதில்லீங்க சார்" என்றார். "கிளாஸ்ல உக்கார்றதுக்கு ஒத்திகை. கனவுல."

"தூங்க வெச்சா?"

"ஆமாங்க. நெசமான கிளாஸ்ல சத்தத்தைக் கொறைக்க முடியாது. கனவுல முடியும். மொத நாள் நாலே பசங்க. ஃபேன் இல்ல, பெல் இல்ல. அப்புறம் ஒண்ணொண்ணாக் கூட்டுவோம். இங்க நாப்பது நிமிஷத் தூக்கம், உள்ள ஒரு முழுக் காலைப் பொழுதாட்டத் தெரியும்."

கோகிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க மேடம், பள்ளிக்கூடத்துல சத்தத்தைக் கொறைக்கறதுக்கு ஒரு மெஷின் கண்டுபுடிக்க மாட்டீங்களா? புள்ளையத்தான் மாத்தோணுமா?"

"அதுக்கும் கமிட்டி போட்டுப் பேசிட்டுத்தான் இருக்காங்கக்கா. பேசி முடிக்கறதுக்குள்ள உங்க பொண்ணு காலேஜே முடிச்சிருவா" என்று சிரித்தார் மேடம். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் அவளை மாத்தப் போறதில்ல. அவ கையை உதறுவா, உதறட்டும். எம்பிக் குதிப்பா, குதிக்கட்டும். பயம் மட்டும் போனாப் போதும்" என்றார்.

அந்தப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. கனவுக்குள் இருக்கிற மிஸ்ஸையும் மற்றப் பிள்ளைகளையும் மெஷினே கட்டிக் கொடுத்துவிடும். அவை மட்டும் இருந்தால் குழந்தைகள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள், கனவையே வெளியே தள்ளிவிடுகிறார்கள். உள்ளே உயிருள்ள ஆள் ஒருவராவது கூடத் தூங்க வேண்டும்.

"பெத்தவங்கள்ல ஒருத்தர் வாங்க. பெரியவங்களா இல்ல, ஆறு வயசுப் பிள்ளையா. அவ பக்கத்துல உக்காரணும். நீங்க யாருன்னு சொல்லக் கூடாது. அவ வேலைய நீங்க செய்யக் கூடாது. அவளாப் பழகற வரைக்கும் சும்மா கூட இருந்தாப் போதும்."

கோகிலாவுக்குப் பகலில் தூக்கம் வராது. எனக்கு நின்றுகொண்டே வரும். ஆகவே ஆள் நான்தான் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு ஒப்புதல் படிவம் நீட்டினார்கள். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். கோகிலா பன்னிரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டாள்.

"உள்ள உங்களுக்கு என்ன பேரு வெக்கட்டும் சார்?" என்று மேடம் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் 'தண்டம், தண்டம்' என்று கூப்பிட்டே என் உயிரை எடுத்தார்கள். இந்தத் தடவையாவது கொஞ்சம் மிடுக்காக இருக்கட்டுமே என்று, "கார்வேந்தன்" என்றேன்.

நவம்பரில் ஆரம்பித்தோம். வாரத்துக்கு மூன்று நாள், மத்தியானம் இரண்டரை மணிக்கு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டில். தலைக்குத் துணிக் குல்லா மாதிரி ஒன்று. முகி குல்லாவைப் பிடுங்கி எறிவாள் என்று நினைத்தேன். அது காதை மூடிய இதத்தில் அவள் எனக்கு முன்பே தூங்கிப்போனாள்.

அந்த வகுப்பறையை எப்படிச் சொல்வது? சுவர், பெஞ்சு, கரும்பலகை எல்லாம் மெஷின் கொடுத்தது. மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் தூக்கத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். கூரையிலிருந்து செம்புக் கம்பிகள் கொடியாக இறங்கி, காற்றில் லேசாக மின்னிக்கொண்டிருந்தன. அவை என்னுடையவை. தரையில் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் நின்றது. அது அவளுடையது. பெஞ்சுகள் அதில் நனையாமல் நின்றன. மெஷின் கட்டிய ஸ்டெல்லா மிஸ் புடவை நனையாமல் நடந்தார். பலகையில் எழுதிய எழுத்துகள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மெதுவாக இறங்கி வந்து தண்ணீரில் மிதந்தன. ஜன்னலுக்கு வெளியே வெயில் தேங்காய் எண்ணெய் நிறத்தில் அசையாமல் இருந்தது. யாராவது பேசினால் தண்ணீரில் வட்டம் விழும். சத்தம் பெரிதானால் வட்டமும் பெரிதாகும்.

நான் குனிந்து என்னைப் பார்த்தேன். அரை டிராயர், முட்டியில் ஆறாத புண். கை இத்தனூண்டு. பக்கத்தில் முகி உட்கார்ந்து, காலால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்தரை வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆறு வயதுப் பையனின் அழுகை, அடக்கவே முடியாது.

மூன்றாவது வாரம் பெல்லைச் சேர்த்தார்கள். அன்றைக்குத்தான் அவள் காதால் அதை நான் கேட்டேன். பாத்திரக் கடை அலமாரி அப்படியே தலைமேல் சரிந்த மாதிரி இருந்தது. தண்ணீர் எழும்பிப் பெஞ்சு மேல் அடித்தது. இத்தனை நாள் 'பெல்லுக்குப் போயா இந்தப் புள்ளை இப்படிப் பண்ணுது' என்று நினைத்திருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது. இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்தினேன். அவள் நடுங்கிக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். அப்படியே இருந்தோம், தண்ணீர் அடங்கும் வரை.

விழித்து எழுந்ததும் அவள் வழக்கம்போல் என்னைத் தாண்டிக்கொண்டு செருப்புப் போடப் போய்விட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது போல் ஆகிவிட்டது. கடையில் கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தப்பியது. செவ்வாய், வியாழன், சனி எப்போது வரும் என்று இருந்தேன். கோகிலா ஒருநாள் கேட்டேவிட்டாள், "என்னங்க, அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பறோமா, உங்களையா?" என்று.

உள்ளே நான் முகிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பென்சில் முனை ஒடிந்தால் அவள் கேட்கும் முன்பே சீவிக் கொடுத்தேன். வருகைப் பதிவில் 'நறுமுகை' என்றால் நானே 'பிரசன்ட் மிஸ்' சொன்னேன். பையன்கள் கத்தினால் அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். சாப்பாட்டு வேளையில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர் சாதத்தை உருட்டி, ஊறுகாயைத் தொட்டு வாயில் ஊட்டினேன். அவள் மென்று முடிக்கும் வரை அடுத்த உருண்டையோடு காத்திருந்தேன். நாற்பது பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். மெஷின் பிள்ளைகள்தானே, பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேடம் அவ்வப்போது, "சார், கொஞ்சம் விட்டுப் பிடிங்க. மூணு மாசமாகுது, அவ தானாச் செய்யறதக் குறிக்கற லிஸ்ட்ல ஒரு டிக் கூட விழல" என்பார்.

"பாத்துக்கலாமுங்க, பச்சைப் புள்ளை" என்பேன்.

பிப்ரவரி கடைசியில் எல்லாம் மாறியது. ஒரு சனிக்கிழமை உள்ளே போனால், தரையில் தண்ணீர் இல்லை. சிமெண்டுத் தரை உலர்ந்து கிடந்தது. எழுத்துகள் பலகையிலேயே ஒழுங்காக நின்றன. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். விழித்ததும் மேடத்திடம் கேட்டேன்.

"அவளுக்குப் பயம் தெளியுதுங்க சார்" என்றார். "நல்ல விஷயம்தான்."

நல்லதாகத்தான் இருந்தது. முகி பேச ஆரம்பித்தாள். முதலில் ஒரு வார்த்தை, அப்புறம் முழு வாக்கியம். என் முகத்தைப் பார்த்தே பேசினாள். ஜன்னல் பக்கம் தானே நகர்ந்து உட்கார்ந்தாள். டிபனைத் தானே திறந்தாள். நான் உருண்டை பிடித்தால், "நானே சாப்பிடறேன் வேந்தா, நீ உன்னுத சாப்பிடு" என்று சிரித்தாள். ஒருநாள் வெயில் சாயும் நேரத்தில், "நாளைக்கும் வருவியா?" என்று கேட்டாள். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கடைக்குப் போய் ஷட்டரைத் திறக்காமல் வெளியிலேயே நின்று, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

வெளியேயும் முன்னேற்றம் தெரிந்தது. பஸ் ஹாரனுக்குக் காதைப் பொத்துவதை விட்டாள். தானே சாப்பிட்டாள். மேடத்தின் லிஸ்டில் டிக் மேல் டிக் விழுந்தது. என்னோடு மட்டும் பேச்சு இல்லை. பரவாயில்லை, வேந்தனோடு பேசுகிறாளே, அது நான்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மே கடைசியில் ஒரு நாள், கனவில் முகி எடுத்த பென்சிலை எழுதாமலே பெட்டிக்குள் வைத்து மூடினாள். செம்புக் கொடிகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பெரிய ஸ்கூல் போறேன். அங்க உனக்கு இடமில்ல. நீ அழக் கூடாது" என்றாள்.

"அழ மாட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தேன். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஜன்னல் வெயில் மெல்ல மெல்ல வெளுத்து, அவள் முகமும் அதில் கரைந்தது.

ஜூனில் முகி பள்ளியில் சேர்ந்தாள். மையத்தின் லிஸ்டைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வாரம் முழுக்க நான் கேட்டருகில் நின்று செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடுவார்கள், வந்து கூட்டிப்போகச் சொல்வார்கள் என்று. யாரும் கூப்பிடவில்லை. பெல்லுக்கு இரண்டு கையையும் உதறுகிறாள், அப்புறம் உட்கார்ந்துவிடுகிறாள் என்று மிஸ் சொன்னார். கோகிலா பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணி ஆனால் சுற்றிய கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்தேன். சாயங்காலம் போனால் முகி வீட்டில்தான் இருந்தாள், என் மகளாக இருந்தாள். என் சிநேகிதி எங்கோ போய்விட்டாள்.

இரண்டு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மையத்துக்குப் போனேன்.

"மேடம், ஒரே ஒரு தடவை. சனிக்கிழமை முகியக் கூட்டிட்டு வாரேன். ஒரு நாப்பது நிமிஷம் உள்ள விடுங்க. சும்மா பாத்துட்டு வந்தர்றேன்."

ஆபிதா மேடம் பெட்டியைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், கோவிச்சுக்கக் கூடாது. பிப்ரவரி கடைசிச் சனிக்கெழமையில இருந்து நீங்க முகி கனவுல இல்ல."

எனக்குப் புரியவில்லை. "பக்கத்துக் கட்டில்லதானுங்களே படுத்திருந்தா?"

"படுத்திருந்தது பக்கத்துலதான். நடுவுல இருந்த இணைப்பை எடுத்துட்டேன். அவளை வேற ஒரு கொழந்தைகூடச் சேத்து விட்டேன். உடுமலைப்பேட்டையில இருந்து வர்ற ஒரு பொண்ணு. அந்த ரூம்ல படுத்திருப்பா. அதுவும் இவளாட்டமேதான். பென்சிலப் புடுங்குவா, ஒருவாட்டி கடிச்சே வெச்சுட்டா. முகி திருப்பி ஒரு தள்ளுத் தள்ளினா பாருங்க, அன்னைக்கு மூணு டிக் போட்டேன்."

"அப்ப என்ற பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? மெஷினா?"

"மெஷின் இருந்தா நீங்களும் கண்டுபுடிச்சிருப்பீங்க சார். உயிருள்ள ஆள் வேணுமில்ல." மேடம் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். தூக்கம் போதாத கண். 'நாளைக்கும் வருவியா' என்று கேட்டது அந்த வாய். எழுந்து போய் ஜன்னலருகில் நின்றேன். ரோட்டில் பஸ் ஒன்று ஆளில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு மனிதனை இப்படி ஏமாற்றலாமா? ஒரு குழந்தையின் முகத்தைப் போட்டுக்கொண்டு பேசலாமா? வாய்க்கு வந்தபடி கேட்டேன். மேடம் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

"நீங்க கையெழுத்துப் போட்ட படிவத்துல ஏழாம் பக்கத்துல இருக்குதுங்க சார். கூட வர்றவங்க தடையா இருந்தாப் பிரிச்சு, அவங்களையும் மெல்லப் பழக்கி வெளிய கொண்டுவர்றதுக்கு மையத்துக்கு உரிமை உண்டுன்னு. ஒரேயடியா நிறுத்தினா ஒடஞ்சு போயிருவீங்கன்னு பயந்தேன். போன வருஷம் ஒரு அம்மா அப்படி ஆயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் இதை ஆரம்பிச்சேன். இதுவரைக்கும் எனக்குப் பதினோரு அப்பா, நாலு அம்மா. அப்பாமாருதான் சீக்கிரம் வெளிய வர மாட்டேங்கறீங்க."

"கோகிலாவுக்குத் தெரியுமா?"

"அவங்களக் கேக்காமச் செய்வனா? 'பிரிச்சு விடுங்க மேடம், அவரு பக்கத்துல இருந்தா இவ எந்திரிக்கவே மாட்டா'ன்னு சொன்னது அவங்கதான்."

எல்லாரும் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தவர்கள். நான் ஒருத்தன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினவன்.

"அந்தத் தண்ணி..." என்றேன்.

"அது அவளோடது சார். நானும் எத்தனையோ தடவை கொண்டு வரப் பாத்தேன். எனக்கு வரவே இல்ல." அதைச் சொல்லும்போது மேடத்தின் குரல் உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

நான் உட்கார்ந்தேன். கோபம் போய், வேறொன்று வந்து நெஞ்சில் ஏறிக்கொண்டது. "அப்ப எனக்குன்னு அவ ஒரு வார்த்தை கூடச் சொல்லல. அதானுங்களே? தோள்ல சாஞ்சா, அதோட சரி. பேசினதெல்லாம் நீங்க."

மேடம் தயங்கினார். "உங்களப் பத்தி ஒண்ணு சொல்லியிருக்கா. அதைக் கேட்டுத்தான் பிரிச்சேன். உங்ககிட்டக் காட்ட வேண்டாம்னு இருந்தேன்." இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்களைப் பிரிப்பதற்கு முந்தின வியாழக்கிழமைக் கனவின் பதிவு. யார், எந்த நேரத்தில், என்ன சொன்னார்கள் என்று வரிசையாக அச்சடித்திருந்தது.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. சாப்பாட்டு வேளை. நான் மூன்றாவது உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முகி எழுந்து, தண்ணீரைச் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு மிஸ்ஸின் மேசைப் பக்கம் போனாள். நான் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தேன். பென்சில் துருவலைக் குப்பைத் தொட்டியில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை.

தாளில் இருந்தது:

'மிஸ், எங்கப்பாவ வேற பெஞ்சுல உக்கார வைங்க. எனக்குச் சாப்பிடத் தெரியும்.'

இரண்டு தடவை படித்தேன். அப்புறம் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

"வேந்தன்னு சொல்லல சார்" என்றார் மேடம் மெதுவாக.

"எப்படித் தெரிஞ்சுது அவளுக்கு? நான் ஒரு நாளும் சொல்லலீங்களே."

"ஆறு வயசுப் பையன் எவன் சார் பக்கத்துல இருக்கற பொண்ணுக்கு ஊட்டி விடுவான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து கொட்டியது. என் மகள் வாயிலிருந்து என்னைக் குறித்து வந்த முதல் வாக்கியம், என்னைப் பற்றி டீச்சரிடம் கொடுத்த புகார். இரண்டு முழு வாக்கியம். ஒரு பிழை இல்லை. தாளோடு சேர்த்துக் குத்தியிருந்த லிஸ்டில் அதற்கு எதிரே மேடம் டிக் போட்டிருந்தார்: 'தன் தேவையை ஆசிரியரிடம் தானாகச் சொல்கிறாள்.' மூன்று மாதத்தில் விழுந்த முதல் டிக் அது. கிளம்பும்போது "சாப்பிடுங்க, நல்லா இருக்கும்" என்று மைசூர்பாகுப் பெட்டியை நானே பிரித்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

வீட்டில் கோகிலா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "திட்டோணும்னா திட்டிருங்க" என்றாள். நான் திட்டவில்லை. "ஏழாம் பக்கத்தை எனக்கும் ஒருவாட்டி படிச்சுக் காட்டியிருக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டேன். "படிச்சுக் காட்டியிருந்தா நீங்க உள்ளயே போயிருக்க மாட்டீங்க. நீங்க போகலீன்னா அவ காதைப் பொத்தறதுக்கு யாரு இருந்தா?" என்றாள்.

திங்கட்கிழமை காலை முகியைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். வழக்கமாக நான் அவள் பையைச் சுமந்துகொண்டு வகுப்பு வாசல் வரை போவேன். பாட்டிலை எடுத்து வைத்து, நோட்டை எடுத்து வைத்து, ஜன்னல் வழியாக ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். அன்றைக்கு கேட்டருகிலேயே பையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். அவள் பையைப் பார்த்தாள். அதன் ஜிப் பாதியில் திறந்திருந்தது. உட்கார்ந்து இழுத்தாள். துணி மாட்டிக்கொண்டு ஜிப் நகரவில்லை. மறுபடி இழுத்தாள். பிள்ளைகள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். முதல் பெல் அடித்தது. அவள் இரண்டு கையையும் உதறினாள், உதறி முடித்துவிட்டு மறுபடி ஜிப்பைப் பிடித்தாள். என் விரல்கள் தானாக முன்னால் போயின. கையைக் கட்டிக்கொண்டு, விரலைக் கக்கத்தில் வைத்து அமுக்கிக்கொண்டேன். வாட்ச்மேன் கேட்டை இழுக்கத் தொடங்கினார்.

அவள் துணியை ஒரு விரலால் உள்ளே தள்ளினாள். ஜிப் சர்ரென்று ஓடியது. எழுந்து பையை ஒரு தோளில் மாட்டினாள், இன்னொரு தோளில் மாட்டினாள். அப்புறம் நிமிர்ந்தாள். என் சட்டையை அல்ல, பின்னால் இருந்த மரத்தை அல்ல, என் முகத்தைப் பார்த்தாள்.

"போப்பா" என்றாள்.

போனேன்.